பீமாசங்கர் மலைக் காற்றாலை: ஊர் எதிர்த்தது காத்தாடியையா, அதற்குப் போட்ட ரோட்டையா?

கர்ஜத்தில் மும்பை லோக்கல் ரயிலை விட்டு இறங்கி, காண்டஸ் கிராமத்துக்குப் போகும் அரசு எஸ்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சஹ்யாத்ரி மலை மதில் மாதிரி எதிரே எழுந்து நிற்கும். மழை ஓய்ந்த செப்டம்பரில் அந்த மதில் முழுக்கப் பச்சை, ஆங்காங்கே அருவி. அண்ணாந்து மலை விளிம்பைப் பார்த்தால் வரிசையாகக் காத்தாடிகள், கரண்ட் எடுக்கும் காற்றாலைகள். முதல்முறை பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. அப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி என்றாலும், மே லீவுக்கு ஊருக்குப் போகும்போது ரயில் வள்ளியூரைத் தாண்டி ஆரல்வாய்மொழியை நெருங்க நெருங்க, ஜன்னலுக்கு வெளியே காத்தாடி எண்ணுவதுதான் எனக்கும் தங்கச்சிக்கும் விளையாட்டு. அதனால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த நண்பனிடம் "எங்க ஊர் மாதிரியே இருக்குடா" என்றேன். அவன் புனேக்காரன், மலையேற்றத்தில் பழுத்தவன். "அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா அப்படிச் சொல்ல மாட்ட" என்றான். அன்று ஆரம்பித்த தேடல் இது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மாட்கள் பலருக்கு பீமாசங்கர் என்றால் ஜோதிர்லிங்கம். பன்னிரண்டில் ஒன்று, புனே வழியாக வேன் பிடித்துப் போய், வரிசையில் நின்று, தரிசனம் முடித்துத் திரும்பும் இடம். கோயிலைச் சுற்றி இருக்கும் காடு 1985இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு ஏறத்தாழ 131 சதுர கிலோமீட்டர். பீமா நதி இங்கேதான் பிறந்து, கிழக்கே ஓடி, கிருஷ்ணாவில் கலக்கிறது. ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். காட்டில் அதிகம் தென்படுவது மராத்தியில் அஞ்சனி என்று சொல்லும் மரம். நம் காயாதான் அது. கண்ணனைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்த ஊதா நீலப் பூ இங்கே கிளையோடு ஒட்டிக்கொண்டு பூக்கும். காயா, நாவல், மா, கடுக்காய் என்று நாம் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மரங்கள்தான் எல்லாம்.

அந்த மரங்களின் உச்சியில் ஷேக்ரு இருக்கிறது. மலபார் மலை அணில், மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு. நான் ஒருமுறை ஷிடி காட் வழியாக ஏறி மேலே வந்தபோது பார்த்தேன். செம்பழுப்பு உடம்பு, உடம்பை விட நீளமான வால், காயா மரக்கிளையில் தலைகீழாகப் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு முன்னங்கையில் ஏதோ காயை வைத்துத் தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரே தாவு, அடுத்த மரம், அதற்கடுத்த மரம். கீழே இறங்கவே இல்லை. அது தரைக்கு வருவது மிக அபூர்வம். கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அதற்கு வழி. காட்டுக்கு நடுவே அகலமாக ஒரு ரோடு போனால் நமக்கு அது ரோடு, ஷேக்ருவுக்கு அது உலகத்தின் விளிம்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள். மகாதேவ் கோளி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் நெல்லும் கேழ்வரகும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி விற்று, தெய்வத்துக்கென்று விட்ட சோலைகளில் கத்தி வைக்காமல் வாழ்ந்து வருகிறவர்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். சரணாலயத்தை ஒட்டி, புனே மாவட்டத்து மலைமுகடுகளில் வனநிலத்தில் பெரிய காற்றாலைத் திட்டம் ஒன்று வந்தது. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழு, அதாவது மாதவ் காட்கில் தலைமையிலான குழு, மத்திய அரசிடம் கொடுத்த அறிக்கையில் இந்தத் திட்டத்தைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறது. ஒரு அரசுக் குழுவின் அறிக்கையில் இவ்வளவு நேரடியான மொழியை நான் அதிகம் படித்ததில்லை.

குழு சொன்னதன் சாரம் இது. பகுதி வனச்சரகர், நாம் ரேஞ்சர் என்போமே அவர், இடத்தைப் பார்த்துவிட்டுக் காரணங்களோடு வேண்டாம் என்று எழுதினார். மேலதிகாரிகள் அதைப் புறந்தள்ளினார்கள். வனத்துறையின் சொந்தக் கணக்கிலேயே ஏறத்தாழ 28,000 மரங்கள் போயின. செங்குத்தான சரிவுகளில் தரமில்லாத முறையில் அகல ரோடுகள் வெட்டப்பட்டன. வெட்டிய கல்லும் மண்ணும் சரிவில் தள்ளப்பட்டு, மண்ணரிப்பும் சரிவும் உண்டாகி, விளைநிலங்களிலும் கிருஷ்ணாவின் துணையாறுகளில் உள்ள நீர்த்தேக்கங்களிலும் போய்ச் சேர்ந்தன. இதற்கெல்லாம் மேலே, நிறுவனமே சோதனைச் சாவடியும் பலகையும் வைத்து, வனத்துறை அனுமதி பெற்றது என்று பொய்யாக எழுதி, அந்த மலையிலேயே பிறந்தவர்கள் போய்வரத் தடை போட்டது. வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேரவேண்டிய உரிமையும் அங்கீகரிக்கப்படவில்லை.

மரம், மண் இரண்டையும்கூட ஒருவர் கணக்குப் போட்டுச் சமாதானம் சொல்லிவிடலாம், பத்து மடங்கு நட்டுத் தருகிறோம் என்பார்கள். தாத்தா காலத்திலிருந்து கடுக்காய்க்கு ஏறிய மலையில், நேற்று வந்த ஒரு சாவடி "எங்கே போகிறாய்" என்று கேட்பதற்கு என்ன சமாதானம் இருக்கிறது? எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

இதை வீட்டில் சொன்னேன். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏல, காத்தாடி வேண்டாம்னு சொல்லவும் ஆள் இருக்கானா? நம்ம தரிச காத்தாடிக்காரனுக்கு வித்த காசுலதான உன் தங்கச்சி கல்யாணமே நடந்துச்சு."

"உங்ககிட்ட கேட்டு, பேசி, காசு குடுத்து வாங்குனாங்கல்லா சித்தப்பா. அங்க ஊரக் கேக்கவே இல்லை."

கையை அப்படியே நிறுத்திவிட்டார். "கேக்காம எப்படில மலையில ரோடு போடுவான்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. இந்த மொத்த விவகாரத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு அனல்மின் நிலையமோ பெரிய அணையோ வந்தால் 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஆய்வு செய்ய வேண்டும், பெரும்பாலும் ஊரில் பந்தல் போட்டுப் பொது விசாரணை நடத்த வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அந்த அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆக, ஆய்வும் இல்லை, விசாரணையும் இல்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை நிறம் பிரித்தபோதும் காற்றாலை வெள்ளைப் பிரிவில் போனது, அதாவது மாசு இல்லை என்று சொல்லக்கூடிய பிரிவு. புகைபோக்கி இல்லை, சாம்பல் இல்லை, கழிவுநீர் இல்லை, ஆகவே கேள்வி வேண்டாம் என்ற எண்ணம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பொட்டல்வெளிக்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தும். அங்கே தரிசு, முள், சமதரை, ஏற்கெனவே இருக்கிற தார்ரோடு.

மலைக்கு அது பொருந்தாது. காவல்கிணறு பக்கம் சின்ன வயதில் ஒரு காட்சி பார்த்தேன். காத்தாடி இறக்கை ஒன்றே ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் வந்தது, தெரு முழுக்க அதுதான். திருப்பத்தில் முன்னால் ஒருத்தர் கை காட்ட, பின்னால் சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு ஒருத்தர் நடக்க, இறக்கையின் வால் முனை ஒரு டீக்கடையின் கீற்றுக் கூரைக்கு மேலே மெதுவாக அரைவட்டம் அடித்துப் போனது, கடைக்காரர் உள்ளேயிருந்து வெளியே வந்து கும்பிட்டபடி நின்றார். ஒரு திருப்பம் திரும்ப அரை மணி நேரம். எண்ணூறு கிலோவாட் காத்தாடிக்கே இறக்கை ஏறத்தாழ 25 மீட்டர் வரும். இப்போது அந்த டிரெய்லரை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர மலைக்கு, கொண்டை ஊசி வளைவு வளைவாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவையும் மைதானம் மாதிரி அகலப்படுத்த வேண்டும். அப்புறம் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தப் பெரிய கிரேன் வேண்டும், அது நிற்க மலைமுகட்டை மட்டமாகச் சீவ வேண்டும். அடித்தளத்துக்குக் கான்கிரீட், கான்கிரீட்டுக்கு லாரி லாரியாக ஜல்லியும் தண்ணீரும், உற்பத்தியான கரண்டைக் கீழே கொண்டுபோகக் கம்பி வழி, கம்பிக்குக் கீழே மரம் வளரக்கூடாது. காத்தாடி நிற்கும் இடம் என்று காகிதத்தில் காட்டுவது சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைக் கோர்க்கும் ரோடுதான் காட்டை வகிர்ந்து போடுகிறது. வெட்டிய மண்ணைக் கீழே அள்ளிக் கொண்டுபோகச் செலவாகும் என்று ஓரத்திலேயே தள்ளிவிட்டால் ஜூன் மாத முதல் பெருமழையில் அது அடுத்தவன் வயலில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 2014 ஜூலை 30 அன்று இதே மலைத்தொடரில், அம்பேகாவ் தாலுகாவில், மாளின் என்ற கிராமம் நிலச்சரிவில் புதைந்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைக் காற்றாலையோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு, நான் அதைச் செய்யமாட்டேன். கடும் மழையும் சரிவுகளில் நிலத்தை மட்டப்படுத்தியதும் பற்றித்தான் அங்கே பேசப்பட்டது. ஆனால் இந்த மண் எப்படிப்பட்டது, சரிவில் கை வைத்தால் மழையில் என்ன ஆகும் என்பதற்கு மாளினை விட வேறு சான்று வேண்டாம்.

சித்தப்பாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஆய்வும் விசாரணையும் இல்லை, சரி, வேறு கதவே இல்லையா? இரண்டு இருந்தன. வனநிலம் என்பதால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும், அதற்கு அடிப்படை களத்தில் இருக்கும் அலுவலரின் அறிக்கை. அவர் எழுதியும் பலன் இல்லை என்பதைப் பார்த்தோம். இன்னொன்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன்படி முதலில் மக்களின் உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும். வனநிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்கும் முன் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று 2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சட்டம் காகிதத்தில் பலமாகத்தான் இருந்தது. உரிமையே அங்கீகரிக்கப்படாத ஊர், அந்த உரிமையைக் காட்டி எப்படித் தடுக்கும்?

எதிர்ப்பு எப்படித் தோற்றது என்பதற்கு என் கணிப்பும் இதுதான். மலைக் கிராமத்தாரும் புனேயின் சூழல் ஆர்வலர்களும் புகார் எழுதினார்கள், போராடினார்கள், விஷயத்தைக் காட்கில் குழு வரை கொண்டு சேர்த்தார்கள், அது சின்ன வேலை இல்லை. ஆனால் விசாரணை என்று ஒன்று இருந்தால் அதற்குத் தேதி இருக்கும், தேதிக்கு முன் ஊர் கூடும், என்ன வரப்போகிறது என்று தெரியும். அது இல்லாத இடத்தில் திட்டம் ஊருக்கு அறிமுகமாவதே புல்டோசர் சத்தத்தில்தான். அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு மனுவும் வெட்டிவிட்ட மரத்தைப் பற்றியது.

இதையெல்லாம் நகரத்து ட்ரெக்கிங் கூட்டத்தின் கவலை, அவர்களுக்குப் போட்டோவில் கம்பம் விழக்கூடாது, அவ்வளவுதான் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் காத்தாடி பார்க்கப் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். வயலில் கல் விழுந்தவருக்குக் காட்சியழகு ஒரு பொருட்டா? மும்பைக்காரர்களான நமக்கு இந்த வாதம் புதிதும் இல்லை. 2019 அக்டோபர் 4ஆம் தேதி ராத்திரி ஆரே காட்டில் மெட்ரோ பணிமனைக்காக மரம் அறுக்கத் தொடங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள், மெட்ரோ பசுமையானது, அதை எதிர்க்கிறவர்கள் வளர்ச்சிக்கு எதிரி என்று. நான் தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவன், எனக்கு மெட்ரோ வேண்டும். அந்த ராத்திரி அவசரம் வேண்டாம்.

இன்னொன்றும் நாம் மறக்கக்கூடாது. மும்பைக்கு வெளிச்சம் இந்த மலைகளிலிருந்து வருவது இன்று நேற்றுக் கதை இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே அணை கட்டி, மேற்குச் சரிவில் தண்ணீரை விழவைத்து, கோபோலி, பிவ்புரி, பிரா என்று வரிசையாக நீர்மின் நிலையங்கள் வந்தன. மில்களும் டிராமும் ஓடின. அந்த வரிசையில் முல்ஷி அணைக்கு நிலம் போகிறது என்று மாவள் விவசாயிகள் 1921இல் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள், பாண்டுரங்க மகாதேவ் பாபட் தலைமை ஏற்று, சேனாபதி பாபட் என்று பேர் வாங்கினார். உலகத்தில் அணைக்கு எதிராக நடந்த முதல் போராட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அவர்களும் தோற்றார்கள், அணை வந்தது. தொண்ணூறு வருஷம் கழித்து அதே மலைத்தொடரில் அடுத்த தலைமுறை. தாராவியில் என் தலைக்கு மேல் ஓடும் ஃபேனுக்கும் இந்த மலைக்கும் உள்ள சம்பந்தம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

ரோடு மட்டும்தான் பிரச்சினையா, காத்தாடி சுத்தமா என்றால், அதற்கும் பதில் மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது. சாத்தாரா மாவட்டத்தில் சால்கேவாடி பீடபூமி, பல வருஷமாகக் காற்றாலைகள் இருக்கும் இடம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காத்தாடி இருக்கும் பக்கத்தில் பருந்து, வல்லூறு மாதிரி வேட்டைப் பறவைகள் மற்ற பக்கத்தை விட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பறவை இல்லையென்றால் ஓணானுக்குக் கொண்டாட்டம். கழுத்தில் விசிறி விரிக்கும் ஒருவகை ஓணான் அங்கே பெருகியிருந்தது, ஆள் கிட்டே போனாலும் சீக்கிரம் ஓடுவதில்லை, அதன் ரத்தத்தில் பயத்தின் ஹார்மோன் அளவே குறைந்திருந்தது. பயப்பட ஆள் இல்லாமல் போனதால் ஒரு உயிரின் ரத்தமே மாறியிருக்கிறது என்றால், வெள்ளைப் பிரிவு, கேள்வி வேண்டாம் என்பதை எப்படி ஏற்பது? காத்தாடியே கூடாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கே வைக்கலாம் என்று முதலிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அது போதுமான காரணம்.

காட்கில் அறிக்கை பட்ட பாடு தனிக்கதை. 2011 ஆகஸ்ட் கடைசியில் கொடுக்கப்பட்ட அறிக்கையை அமைச்சகம் வெளியே விடவில்லை. கேரளக்காரர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, மத்திய தகவல் ஆணையம் கொடு என்று சொல்லி, அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அங்கேயும் தோற்று, 2012 மே மாதம்தான் ஊர் உலகம் படிக்கக் கிடைத்தது. பிறகு அந்த அறிக்கையை ஆராய அரசு அமைத்த கஸ்தூரிரங்கன் குழு 2013இல் பல இடங்களில் காட்கிலிடமிருந்து விலகிப் போனது. ஆனால் காற்றாலையைத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் கொண்டுவர வேண்டும் என்று அதுவும் சொன்னது. இதற்கிடையில் 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமை விஷயத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை மத்திய அனுமதிக்குப் பிந்தைய கட்டத்துக்கு, மாநில அரசின் கைக்குத் தள்ளிவிட்டன. ஊரைக் கேட்பது முன்னைவிடத் தாமதமாகிறது.

பீமாசங்கர் மலைமுகட்டில் காத்தாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கு என்று கேட்பதில் அர்த்தமில்லை, போட்ட கான்கிரீட்டை உடைக்க இன்னொரு முறை அதே லாரிகள் அதே மலையில் ஏற வேண்டும். செய்யக்கூடியது சரிவுகளைக் கட்டி மண்ணைப் பிடிப்பது, சாவடி இல்லாத வழி, ஊருக்கு அதன் வன உரிமை.

அடுத்த மலையில் இது வரும்போது, நம் தமிழ்நாட்டு மலைகளிலும் வரலாம், ஊர்க்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது வன உரிமைக் கோரிக்கையைத் திட்டம் வரும்வரை காத்திராமல் இப்போதே கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதிவிடுவது. இரண்டாவது, வனநிலம் கேட்கும் விண்ணப்பங்கள் இப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வருகின்றன, நம் பக்கத்துப் பேர் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது. கல்லூரி போகும் பிள்ளை ஒன்று ஊரில் இருந்தால் போதும், மாதம் ஒருமுறை பத்து நிமிஷ வேலை. மூன்றாவது, ரேஞ்சரின் கள ஆய்வு அறிக்கை. அதில் வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதைவிட நல்ல ஆயுதம் ஊருக்குக் கிடையாது, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், அந்த ஒரு காகிதத்தை முதல் மரம் விழுவதற்கு முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சித்தப்பா ஊருக்குக் கிளம்பும்போது மேலே சொன்ன இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். பணகுடிப் பக்கம் மலையடிவாரத்தில் அவருக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.